வீட்டு நம்பர் ஒட்டிய மாத்திரை டப்பா

ராஜா, உன் கடிதம் வெள்ளிக்கிழமை தபாலில் வந்தது. டைப் அடித்த கடிதம். பெற்ற தாய்க்கு டைப் அடித்து, 'பொருள்: அம்மாவின் தங்குமிடம்' என்று மேலே போட்டு, ஒரிஜினலை எனக்கும் கார்பன் காப்பியைத் தம்பிக்கும் அனுப்பிய முதல் மகன் இந்தப் பசுமலையில் நீயாகத்தான் இருப்பாய். அதிலும் மூன்று வருஷமாக நீ பேசாத தம்பி. தை முதல் ஆனி வரை மெட்ராஸில் உன் வீடு. ஆடி முதல் மார்கழி வரை திருச்சியில் சின்னவன் வீடு. பசுமலை வீட்டைப் பூட்டிச் சாவியை எதிர்வீட்டு வாத்தியாரிடம் கொடுத்துவிட வேண்டியது. எல்லாம் சரியாக யோசித்திருக்கிறாய், மெட்ராஸில் தண்ணீர்க் கஷ்டம் வருகிற மாதங்கள் உன் கணக்கில் விழுந்திருப்பதைத் தவிர. நான் குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்ததிலிருந்து நீ சரியாகத் தூங்குவதில்லை என்று உன் மனைவி தனியாக எழுதியிருந்தாள். அதை நான் நம்புகிறேன். கோபமில்லை என்று சொன்னால் பொய், கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அந்தத் தாளைப் பார்த்ததும் கோபத்துக்கு முன்னால் எனக்கு ஒரு மாத்திரை டப்பாதான் ஞாபகம் வந்தது. அந்தக் கதையை உனக்கு நான் முழுசாகச் சொன்னதே இல்லை, வெட்கம்தான் காரணம். வருகிறேனா இல்லையா என்று பதில் எழுதும் முன் அதைச் சொல்லிவிடுகிறேன். உடைந்தது இடது கை, எழுதுவதற்குத் தடையில்லை. கடிதம் நீளமாகத்தான் போகும்.

பொம்பளை டாக்டர் என்றால் பிரசவம் பார்க்க வேண்டும் என்று அந்தக் காலத்தில் எழுதாத சட்டம். நான் வேலைக்குச் சேர்ந்த ஆஸ்பத்திரியிலும் என்னைப் பிரசவ வார்டுக்குத்தான் அனுப்பினார்கள். எனக்கு அங்கே மனசு ஒட்டவில்லை. அடுத்த வார்டில் வரிசையாகக் கிடந்த வயசானவர்களைப் போய்ப் பார்த்துக்கொண்டிருப்பேன். மூச்சு வாங்கிக்கொண்டு வருவார்கள், பத்து நாளில் தேறி நடந்து போவார்கள், இரண்டே மாதத்தில் அதே ஆள் அதே மூச்சு வாங்கலோடு திரும்பி வருவார். வீட்டில் என்னதான் நடக்கிறது என்று பார்க்கவே முதலில் வெளியே கிளம்பினேன். ஒரு பெரியவருக்கு நான் எழுதிக்கொடுத்த மாத்திரை இரவில் பலமுறை எழுந்து போக வைக்கும். அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்தால், ஒதுங்குவதற்கு இரண்டு வரப்பு தாண்டி நடக்க வேண்டும், விளக்கு கிடையாது. அவர் மாத்திரையை நிறுத்தியதில் என்ன தப்பு? வயசானவர்களுக்கென்று தனி வைத்தியம் உண்டு, அதை வீட்டுக்குப் போய்த்தான் செய்ய முடியும் என்று நான் சொன்னபோது கூட வேலை பார்த்தவர்கள் சிரித்தார்கள். 'உங்க பேஷண்டுக எல்லாம் எப்படியும் போகப்போறவங்கதானேம்மா' என்று ஒருவர் கேட்டார். 'நீங்க மட்டும் போகாம இருக்கப் போறீங்களா' என்று நான் கேட்டேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு டீ குடிக்க வருவதை நிறுத்திக்கொண்டார்.

வீடு வீடாகப் போனதில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. பசுமலையில் ரிட்டயரான வாத்தியார்கள், கிளார்க்குகள். கொட்டாம்பட்டிப் பக்கம் கூலி வேலை செய்தவர்கள், கிணறு வெட்டியவர்கள். வயது ஒன்றுதான், நோயும் ஒன்றுதான். ஆனால் இங்கே இருப்பவர் பேப்பர் படித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், அங்கே இருப்பவர் படுத்த படுக்கை. இரண்டு பக்கமும் நானே மாதம் ஒருமுறை வீட்டுக்குப் போய், ஒரே மருந்தை ஒரே அளவில் கொடுத்துவந்தால் இந்த வித்தியாசம் மறையுமா மறையாதா? இதுதான் என் ஆராய்ச்சி. உன் அப்பா இறந்த மறுவருஷம் ஒரு டிரஸ்டில் இதற்காக ஜீப்பும் ஒரு நர்ஸும் கொடுத்தார்கள். என் ஒழுங்கு உனக்குத் தெரியும், அதைத்தான் நீயும் கொண்டு பிறந்திருக்கிறாய். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தாரில் ஒரு நம்பர் எழுதினேன். அதே நம்பர் கார்டில். அதே நம்பரைத் தாளில் எழுதி மாத்திரை டப்பாவிலும் ஒட்டினேன். தொடர்ந்து இரண்டு மாதம் ஆள் அந்த வீட்டில் இல்லையென்றால் 'இடம் மாறியவர்' என்று எழுதிக் கார்டைக் கணக்கில் சேர்க்காமல் தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும். இந்த விதியைப் போட்டது நான்தான், வேறு யார் மீதும் பழி போட முடியாது.

கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஓடியது. நீதான் சார்ட் வரைந்து கொடுத்தாய், ஞாபகம் இருக்கிறதா? மாதாமாதம் நூற்றுக்கு எத்தனை பேர் எழுந்து நடமாடுகிறார்கள் என்று பசுமலைக்கு நீல மை, கொட்டாம்பட்டிக்குச் சிவப்பு மை. இரண்டு கோடும் கடைசியில் கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டே போயின. 'வித்தியாசமே இல்லியேம்மா' என்று நீ ஏமாற்றத்தோடு சொன்னாய், சார்ட் பார்க்க நன்றாக இல்லையாம். எனக்கு வந்த சந்தோஷத்தில் உனக்கும் சேர்த்துப் பரோட்டா வாங்கிக்கொடுத்தேன். கிறிஸ்துமஸுக்கு முன்னால் மதுரையில் டாக்டர்கள் கூடிய ஒரு கூட்டத்தில் அதை மாட்டி வைத்துப் பேசினேன். வீடு தேடிப் போனால் ஏழைக்கும் இருக்கிறவருக்கும் வித்தியாசம் இல்லாமல் ஆக்கிவிடலாம் என்று சொல்லி முடித்ததும் அம்புட்டு பேரும் கை தட்டினார்கள். டிரஸ்டில் ஜீப்பை இன்னும் இரண்டு வருஷம் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

பொங்கல் முடிந்து மூன்றாம் நாள் கொட்டாம்பட்டியைத் தாண்டி ஒரு கிராமத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். வழியில் ஒரு பாலத்துக் கட்டைச் சுவரில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு துணி மூட்டை, அதற்குள் ஈயத் தட்டின் விளிம்பு தெரிந்தது. இரண்டு காலும் முழங்கால் வரை வீங்கியிருந்தன. ஜீப்பை நிறுத்தச் சொல்லிக் கிட்டப் போன பிறகுதான் முகம் தெரிந்தது. சோலை. கிணறு வெட்டியே இதயம் தளர்ந்துபோனவர், என் முதல் நோயாளிகளில் ஒருவர். நான் கொடுத்த மாத்திரையில் வீக்கம் வடிந்து, நாலு மாதத்தில் கடைக்குப் போய்ப் புகையிலை வாங்கி வருகிற அளவுக்குத் தேறியிருந்தார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அவர் வீட்டில் இல்லை. நானே என் கையால் 'இடம் மாறியவர்' என்று எழுதியிருந்தேன்.

"என்ன தாயி, நம்மள மறந்துட்டீக?" என்றார், மூச்சுக்கு நடுவே.

"நீங்க ஊரை விட்டுப் போயிட்டதா எழுதி வச்சிருக்கேனே ஐயா."

"நான் எங்கிட்டுப் போறேன்? மூணு பயலுக. நாலு நாலு மாசம். தையிலருந்து பெரியவன், வைகாசிக்கு நடுவுலவன், பெரட்டாசிக்குச் சின்னவன். இந்தா, சின்னவன் வீட்டுலருந்து பெரியவன் வீட்டுக்குத்தான் போய்க்கிட்டிருக்கேன். நேத்தே போயிருக்கணும், நடக்க முடியல."

ஜீப்பில் ஏற்றிக்கொண்டு பெரிய மகன் வீட்டுக்குப் போனேன். வாசலில் என் தார் நம்பர் அப்படியே இருந்தது. மருமகளிடம், மாமனாருக்குக் கொடுத்த மாத்திரை எங்கே என்று கேட்டேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. உள்ளே போய் உத்தரத்திலிருந்து டப்பாவை எடுத்துத் துடைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். "ஒண்ணுகூடக் கொறையல டாக்டரம்மா. மாமா போன அன்னைக்கு எப்படி இருந்துச்சோ அப்படியே வச்சிருக்கேன். பிள்ளைகளத் தொடவிடல." எட்டு மாதமாக அந்தக் கிழவர் மூச்சுத் திணறிக்கொண்டு ஊர் ஊராக நடந்திருக்கிறார், மாத்திரை இங்கே உத்தரத்தில் பத்திரமாக இருந்திருக்கிறது. நான் வாய்க்கு வந்தபடி அவளைத் திட்டினேன். 'மனுஷன் போற இடத்துக்கு மாத்திரையும் போகணும்னுகூடத் தெரியாதா' என்றேன். அவள் அழவில்லை. டப்பாவை என் கையிலிருந்து வாங்கித் திருப்பிக் காட்டினாள். "நம்பர் ஒட்டிக் குடுத்தது நீங்கதான. வாசல்லயும் அதே நம்பரு. சர்க்காரு சாமான் மாதிரி இருந்துச்சு. வீட்டு நம்பர் போட்டதை அடுத்த வீட்டுக்குக் குடுத்துவிட்டா நாளைக்கு நீங்க வந்து எங்கன்னு கேட்டா நான் என்ன சொல்றது?" என்றாள். அவள் கேட்டது முழுக்க நியாயம். நான் சோலைக்கு வைத்தியம் பார்க்கவில்லை, அந்த வீட்டு வாசலுக்குப் பார்த்திருக்கிறேன்.

அன்று சாயங்காலம் ஒதுக்கி வைத்த கார்டுகளை எல்லாம் எடுத்து மேஜையில் பரப்பினேன். ஒவ்வொருவராகத் தேடிப் போக ஒரு மாதம் ஆயிற்று. அவர்களில் யாரும் எங்கும் போய்விடவில்லை. அப்பன் ஒரு மகனிடமும் ஆத்தா இன்னொரு மகனிடமுமாகப் பிரிந்து, முறை வைத்து மாறிக்கொண்டிருந்தார்கள். சிலர் அப்படி மாறுகிற வழியிலேயே இறந்திருந்தார்கள். பசுமலையில் அப்படி இல்லை. வீடு வாத்தியார் பெயரில் இருக்கிறது, பென்ஷன் அவர் பெயரில் வருகிறது, அதனால் பிள்ளைகள்தான் லீவுக்கு அவரைத் தேடி வருகிறார்கள். அங்கே வீடு மகன்கள் பெயரில், அதனால் கிழவர்தான் நடக்கிறார். கொட்டாம்பட்டிப் பக்கம் யார் ரொம்ப ஏழையோ, யாருக்கு என் மருந்து ரொம்பத் தேவையோ, அவர்களைத்தான் என் விதி சல்லடை போட்டு வெளியே தள்ளியிருந்தது. ஒரே இடத்தில் இருப்பவர்களை ஒரே இடத்தில் இருப்பவர்களோடு ஒப்பிட்டுவிட்டு, வித்தியாசமே இல்லை என்று கைதட்டல் வாங்கியிருந்தேன். 'இப்ப இங்கன இல்லம்மா' என்று அந்த வீட்டார் சொன்னபோது, 'பின்னே எங்கே' என்று கேட்க என் கார்டில் கட்டம் இல்லை. கட்டம் இல்லாததால் நானும் கேட்கவில்லை.

இனி நான் சொல்லப்போவது உன்னிடம் மறைத்தது. இது தெரிந்த பிறகும் ஏழெட்டு மாதம் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் ஜீப் போய்விடும். ஜீப் போனால் சோலையை யார் பார்ப்பது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன், ஆனால் உண்மையில் அந்தக் கைதட்டலைத் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை. என்னைவிட மூத்த டாக்டர் ஒருவரிடம் சொன்னபோது, 'விடுங்கம்மா, யாரு எண்ணிப் பாக்கப் போறா' என்றார். நல்ல மனுஷர், என் மேல் உள்ள பிரியத்தில்தான் சொன்னார். கடைசியில் என்னைப் பேச வைத்தது உன் சார்ட்தான். நீ அதை உன் அறைச் சுவரில் மாட்டி வைத்திருந்தாய். வீட்டுக்கு வருகிறவர்களிடம் எல்லாம் 'எங்கம்மா கண்டுபிடிச்சது' என்று காட்டுவாய். ஒருநாள் நீ பள்ளிக்கூடம் போன பிறகு அதைக் கழற்றிச் சுருட்டி வைத்தேன். நீ வந்து கேட்டதற்குக் கரையான் அரித்துவிட்டது என்றேன். கரையான் அரிக்கவில்லை, இன்னும் என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. அடுத்த கூட்டத்தில் அதே ஆட்கள் முன்னால் எழுந்து நின்று, போன தடவை நான் சொன்னது தப்பு என்று சொல்லிப் புதுக் கோடுகளைக் காட்டினேன். இரண்டும் நன்றாகவே விலகிப் போயின. யாரும் கை தட்டவில்லை. ஜீப்பையும் மறுமாதமே திருப்பிக் கேட்டார்கள்.

ஜீப் போனால் போகட்டும் என்று பஸ்ஸில் போக ஆரம்பித்தேன். அப்புறம் நடந்ததுதான் என் வாழ்க்கையிலேயே நான் செய்த உருப்படியான வேலை, அதில் பாதி யோசனை அந்த மருமகளுடையது. வாசல் நம்பரை விட்டுவிட்டோம். கார்டு ஆளோடு போகும், பிளாஸ்டிக் உறையில் போட்டு அவர் மூட்டையிலேயே இருக்கும். டப்பாவில் நம்பருக்குப் பதில் பெயர். எழுதப் படிக்கத் தெரியாத வீட்டில் சூரியன், நிலா படம். முறை மாறுகிற நாளில், அனுப்புகிற மருமகளும் அழைத்துக்கொள்கிற மருமகளும் அந்தப் பாலத்துக் கட்டையில் வந்து நிற்க வேண்டும். டப்பாவைக் கையில் கொடுத்து, பெரியவர் எதைச் சாப்பிட்டார், ராத்திரி எத்தனை தடவை எழுந்தார் என்று வாயால் சொல்லி ஒப்படைக்க வேண்டும். சொத்துத் தகராறில் ஆறு வருஷம் முகம் பார்க்காத இரண்டு ஓரகத்திகள் முதல் தடவை ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு மாத்திரையைப் பற்றி மட்டும் பேசினார்கள். மூன்றாம் தடவை நான் போனபோது, ஒருத்தி மகளுக்குக் காது குத்துவதற்கு மற்றவள் தோடு பார்த்துக்கொண்டிருந்தாள். சோலை நடுவில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தார்.

அவரிடம் நான் அதுவரை கேட்காத ஒன்றை அன்றைக்குக் கேட்டேன். உங்களுக்கு இந்த முறை சரியாக இருக்கிறதா என்றேன். அவர் வெற்றிலையை ஓரமாகத் துப்பினார். "சின்னவன் வீட்டுல ஆடு நிக்கிது தாயி. மாசி பங்குனில குட்டி போடும். அந்த நேரம் நான் பெரியவன் வீட்டுல கெடக்கேன். குட்டியப் பாத்து எம்புட்டு வருசமாச்சு" என்றார். மூன்று மகன்களும் நல்லவர்கள்தான், ஒருவரும் அவருக்குச் சோறு போடாமல் விட்டதில்லை. ஆனால் இதை யாரும் கேட்டதில்லை. மாற்றுவதற்கு ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, 'இதுக்குத்தானா' என்று சிரித்துவிட்டு மாதங்களை மாற்றிக்கொண்டார்கள். அடுத்த பங்குனியில் போனபோது மடியில் ஒரு குட்டியும் தோளில் ஒரு குட்டியுமாக இருந்தார். பல வருஷம் இருந்தார் மனுஷர். இப்போது கொட்டாம்பட்டிப் பக்கம் அந்த வேலையைப் பார்க்கும் நர்ஸுகளுக்கு நான் தேவையே இல்லை, எப்போதாவது போனால் டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைக்கிறார்கள். இதைவிட எனக்கு என்ன வேண்டும்?

ஆனால் ராஜா, சோலையைக் கேட்கத் தெரிந்துகொண்ட நான் வீட்டில் அதைச் செய்யவில்லை. அப்பா போன பிறகு நீயும் சின்னவனும் எதற்கெடுத்தாலும் அடித்துக்கொண்டீர்கள். எனக்கு ஜீப்பில் போக வேண்டும், வீட்டில் சண்டை இருக்கக் கூடாது. அதற்கு நான் கண்டுபிடித்த வழி என்ன? ஒரு பள்ளிக்கூட டெர்ம் நீ என்னோடு பசுமலையில், அவன் வாடிப்பட்டியில் பெரியம்மா வீட்டில். அடுத்த டெர்ம் அவன் இங்கே, நீ அங்கே. முறை. ஞாயிற்றுக்கிழமை வாடிப்பட்டி பஸ் ஸ்டாண்டில் ஒருவனை இறக்கி மற்றவனை ஏற்றிக்கொள்வேன். அதே பஸ்ஸிலேயே திரும்பிவிட வேண்டுமென்று இரண்டு பேரையும் விரட்டுவேன். பெட்டியை மாற்றிக்கொள்வீர்கள், ஒருவார்த்தை பேச மாட்டீர்கள். சண்டை நின்றுவிட்டது என்று நான் பெருமைப்பட்டேன். சண்டையோடு பேச்சும் நின்றது எனக்கு உறைக்கவில்லை. ஒருதடவை சின்னவன் பஸ் ஜன்னல் வழியாக உனக்குக் கை காட்டினான், நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன். இத்தனை வருஷம் கழித்தும் அது என் கண்ணிலேயே நிற்கிறது. உங்களை நான் கேட்கவேயில்லை. மன்னித்துக்கொள்.

அதனால்தான் அவன் தன் கல்யாணத்தை உன்னிடம் கேட்காமல் முடித்தபோதும், கேட்கவில்லை என்று நீ போகாமல் இருந்தபோதும், இரண்டு பேரையும் திட்ட எனக்கு வாய் வரவில்லை. உன் கடிதத்தில் உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது, தெரிய வழியுமில்லை. பங்குனியில் உன் தம்பிக்குக் குழந்தை பிறக்கப்போகிறது. அவன் மனைவிக்குத் தாய் இல்லை. பிரசவ வார்டைக் கண்டு ஓடிய உன் அம்மா இந்த ஒரு பிரசவத்துக்குப் பக்கத்தில் இருக்க ஆசைப்படுகிறாள், ஆனால் உன் தாளில் பங்குனிக்கு நான் மெட்ராஸில் இருக்கிறேன்.

ஆக, வருகிறேன். கை உடைந்த பிறகு தனியாக இருப்பதில் எனக்கும் பயம் வந்துவிட்டது, அதை மறைக்கவில்லை. ஆனால் தைக்குத் திருச்சி, ஆடிக்கு உன் வீடு. பசுமலைச் சாவி என்னிடமே இருக்கும், மனசு கேட்டால் இங்கே வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போவேன். இன்னொன்றும் உண்டு. என்னை ரயிலேற்றிவிட்டு அவனுக்குத் தந்தி கொடுக்கக் கூடாது. நீயே பசுமலைக்கு வந்து, பஸ்ஸில் என்னைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். போகிற வழியில் கொட்டாம்பட்டி தாண்டி அந்தப் பாலத்தைக் காட்டுகிறேன். திருச்சியில் வாசலோடு நிற்காமல் அடுப்படி வரை வந்து, எந்த மாத்திரை காலையில், எது ராத்திரியில் என்று அவனுக்குச் சொல்ல வேண்டும். ஜன்னலைச் சாத்தினால் எனக்குத் தூக்கம் வராது என்றும், காப்பியில் சர்க்கரை போடவில்லை என்று நான் பொய் சொல்வேன் என்றும் சொல்ல வேண்டும். டப்பாவில் என் பெயரை எழுதி ஒட்டிவிட்டேன். நீ நீட்ட, அவன் கை நீட்டி வாங்க வேண்டும். ஆடியில் அவன் உன்னிடம் கொண்டுவந்து கொடுப்பான்.

இது உத்தரவு இல்லை. உன்னை வாடிப்பட்டிக்கு அனுப்பியபோது கேட்காமல் விட்டதை இப்போது கேட்கிறேன். வருவாயா, ராஜா?

அம்மா